உயரம் கூட்டும் முன் எடை போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி என்று காட்டுப் பாதைக்கும் மலைப் பாதைக்கும் போகிற வண்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். சஸ்பென்ஷன் மாற்றுவது குறித்த குறிப்புகளும் வருகின்றன. ஆனால் அவை எல்லாமே "எத்தனை இன்ச் தூக்கலாம்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "வண்டி எத்தனை கிலோ சுமக்கப் போகிறது?" என்பது. இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனவர்கள்தான் ஸ்பிரிங் வாங்கி, ஷாக் அப்சார்பர் வாங்கி, கடைசியில் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததைவிட மோசமாக ஓடும் வண்டியோடு தவிக்கிறார்கள். இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறோம்.

முதலில், தூக்குவதால் என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதைத் தெளிவாக்கிவிடலாம். ஜிம்னி, ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் இணைத்து ஒரே ஹவுசிங், அதாவது ஆக்ஸிலை மூடிய இரும்புக் குழாய், ஓடுகிறது. அதன் நடுவே, மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்கிற, பல்சக்கரங்கள் உள்ள உருண்டைதான் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம். ஸ்பிரிங்கை 50 மி.மீ. உயர்த்தினால் சேஸிஸும் பாடியும் 50 மி.மீ. மேலே போகும். கிரவுன் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பாறை இடிப்பது அந்த உருண்டையில் என்றால், இரண்டு இன்ச் கிட் அதற்கு மருந்தாகாது. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் கூடின விட்டத்தில் பாதி அளவுக்கு மட்டும்.

ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர் 15. அதன் விட்டம் 693 மி.மீ. பலர் மாற்றிப் போடும் 215/75 ஆர் 15 டயரின் விட்டம் 703.5 மி.மீ. வித்தியாசம் 10.5 மி.மீ.; கிரவுனுக்குக் கிடைப்பது ஐந்து மி.மீ. சொச்சம். 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733.5 மி.மீ. ஆகும். கிரவுன் 20 மி.மீ. உயரும். இது பாறைப் பாதையில் கண்ணுக்குத் தெரிகிற லாபம். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது பம்பர் முனையிலும் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் முன் ஆர்மிலும் டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85 கி.மீ. வேகத்தை ஒட்டி ஓடும். பிரேக்கும் கிளட்சும் கூடுதலாக உழைக்கும். அப்படியானால் சஸ்பென்ஷனை உயர்த்துவது எதற்கு? பெரிய டயருக்கு இடம் கொடுக்க, மேட்டில் ஏறும்போது முன் பம்பரும் மேட்டின் உச்சியில் வண்டியின் நடு வயிறும் தட்டாமல் இருக்க, சக்கரம் மேலும் கீழும் போகத் தூரம் கூட்ட. இந்த மூன்றில் எது வேண்டும் என்று தெரிந்த பிறகு பாகம் தேடுவதுதான் முறை.

இனி எடை. ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கிறது. டேங்க் நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் ஏற்றி, மூட்டை முடிச்சு, கயிறு, ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாவற்றோடும் மேடையில் ஏற்றுங்கள். முதலில் முழு வண்டி. பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில். கடைசியாகப் பின் சக்கரங்கள் மட்டும். மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே கணக்கைக் காலி வண்டியோடும் ஒரு முறை எடுங்கள். அன்றே, சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். ஹப்பிலிருந்து அளப்பதுதான் சரி. இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ. வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது அல்லது இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் போயிருக்கிறது என்று பொருள்.

இந்த எண்கள் கையில் இல்லாமல் செய்கிற வேலை எப்படி முடியும் என்பதற்கு ஜிம்னியே உதாரணம். அதன் மொத்த அனுமதி எடை 1545 கிலோ. காலி வண்டி 1205 கிலோவை ஒட்டி வரும். மீதம் 340 கிலோ. 70 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 280 போய்விட்டது. கையில் இருப்பது 60 கிலோ. இரும்பு பம்பர் 40 கிலோ, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் 30 கிலோ என்று வைத்தால் பையில் ஒரு துணிகூட வைக்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் தாழாமல் நிற்கும், உண்மைதான். ஆனால் பிரேக், ஆக்ஸில், வீல் பேரிங், சேஸிஸ் எதுவும் வலுவாகிவிடவில்லை. வண்டியின் அனுமதி எடையைக் கூட்டும் ஸ்பிரிங் என்று எதுவும் கிடையாது. பல வண்டிகளுக்குச் சரியான சஸ்பென்ஷன் மேம்பாடு, மேலே ஏற்றிய இரும்பை இறக்கிவைப்பதுதான். செலவும் இல்லை.

சுமை எங்கே உட்காருகிறது என்பதும் கணக்கு. முன் ஆக்ஸிலுக்கு 600 மி.மீ. முன்னால் தொங்கும் 70 கிலோ, முன் சக்கரங்களில் 70 கிலோவாக இறங்காது. ஜிம்னியின் வீல்பேஸ் 2590 மி.மீ. நெம்புகோல் கணக்கில் முன்னே 86 கிலோ கூடும். பின்னே 16 கிலோ குறையும். இறக்கத்தில் பிரேக் போட்டால் பின் சக்கரம் லேசாகிச் சறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வின்ச்சில் இரும்பு ரோப்புக்குப் பதில் சிந்தெடிக் ரோப் போட்டால் பத்துக் கிலோ வரை மூக்கிலிருந்து குறையும்.

ஸ்பிரிங்கின் விறைப்பைக் கிலோ/மி.மீ. என்று பேசினால் எளிதாக விளங்கும். 2.5 கிலோ/மி.மீ. ஸ்பிரிங் என்றால், அதை ஒரு மி.மீ. அமுக்க 2.5 கிலோ வேண்டும். ஒரு மூலையில் ஸ்பிரிங் 250 கிலோவைத் தாங்கினால் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே மூலையில் நிரந்தரமாக 50 கிலோ கூடினால் மேலும் 20 மி.மீ. தாழும். சுமை 20 சதவீதம் கூடியிருக்கிறது. விறைப்பையும் 20 சதவீதம் கூட்டி 3 கிலோ/மி.மீ. போட்டால், 300 கிலோவுக்கு மறுபடியும் 100 மி.மீ. அமுங்கும். உயரமும் பழையபடி, நடையும் பழையபடி. சுமை எத்தனை சதவீதம் கூடியதோ அத்தனை சதவீதம் விறைப்பு. பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கே போதும்.

இதை விட்டுவிட்டு, "ஹெவி டியூட்டி கொடுங்கள்" என்று 4 கிலோ/மி.மீ. வாங்கிக் காலி வண்டியில் போட்டால் என்ன ஆகும்? 250 கிலோவுக்கு 62.5 மி.மீ. மட்டும் அமுங்கும். ஒரே நீள ஸ்பிரிங்காக இருந்தாலும் வண்டி 37 மி.மீ. மேலே நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய தூரம் அந்த 37 மி.மீ. குறைந்துவிட்டது. குறுக்குப் பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். மண் சாலை வளைவில் பின்பக்கம் தத்தித் தத்தி வெளியே போகும். ஆண்டில் இரண்டு பயணத்துக்கு மட்டும் பாரம் ஏற்றுகிறவர்கள், சாதாரண சுமைக்கான ஸ்பிரிங்கோடு, காயில் உள்ளே வைக்கும் ஏர் பேக் போட்டுக்கொள்ளலாம். பாரம் ஏற்றும்போது காற்று, இறக்கியதும் குறைந்தபட்சக் காற்று. ஆனால் ஏர் பேக்கில் முழுக் காற்றோடு பாறையில் ஏறக் கூடாது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அது காயிலுக்குள் இடம்பெயர்ந்து, திரும்ப ஏறும்போது கிழியும்.

ஷாக் அப்சார்பர் வண்டியைத் தூக்குவதில்லை, சுமப்பதும் இல்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஸ்பிரிங் விறைப்பானால் அது திரும்ப நிமிரும் வேகமும் கூடும். அதை அடக்க ஷாக்கின் ரீபவுண்டும், அதாவது நிமிரும்போது அது தரும் தடையும், கூட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷாக்கை விட்டவர்களின் வண்டி, ஒரு வேகத்தடை தாண்டினால் இரண்டு மூன்று முறை குதிக்கும். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ரீபவுண்டு அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், அடுத்தடுத்து பள்ளம் வரும்போது ஸ்பிரிங் நிமிர நேரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். முதல் பள்ளம் மெத்தென்று, பத்தாவது பள்ளம் கல்லில் விழுந்தது மாதிரி. பலரும் இதை ஸ்பிரிங் மெலிசு என்று நினைத்து இன்னும் விறைப்பானதைப் போடுகிறார்கள், கோளாறு இருமடங்காகிறது.

எந்த வகை ஷாக் என்பதில் நம்மூர்ப் பாதைக்கு ஏற்றதைச் சொல்லிவிடுகிறோம். மோனோட்யூப் வகையில் வெப்பம் சீக்கிரம் வெளியேறும், எண்ணெய் நுரைக்காது. ஆனால் அதன் வெளிக்குழாயே பிஸ்டன் ஓடும் குழாய். பாறை பட்டு ஒரு நசுங்கல் விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். ட்வின்ட்யூபில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் சலசலக்கும் வறட்டு மண் சாலையில் வேகமாக ஓடுபவருக்கு மோனோட்யூப் நல்லது. எஸ்டேட் பாதையில் முதல் கியரில் பாறை மேல் ஊர்ந்து போகிறவருக்கு, எண்ணெய் கொள்ளளவு அதிகமுள்ள தடித்த ட்வின்ட்யூப் போதும். தனிக் குப்பி வைத்த ரிசர்வாயர் ஷாக் போட்டிப் பந்தயத்துக்கானது. ஊர்ந்து போகும் வண்டியில் அந்த ஹோஸ் கல்லில் மாட்டுவதுதான் மிச்சம்.

விளம்பரத்தில் "இரண்டு இன்ச் லிஃப்டுக்கு ஏற்றது" என்று போட்டிருந்தாலும் ஷாக்கின் நீளத்தை நீங்களே அளக்க வேண்டும். ஸ்பிரிங் மாட்டிய பிறகு, ஷாக் இல்லாமல், ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பர், அதாவது சக்கரத்தின் ஏற்றத்தைத் தடுக்கும் ரப்பர் முட்டு, நன்றாக நசுங்கும்வரை ஏற்றுங்கள். அந்தப் பக்கம் மேல் மவுண்ட்டுக்கும் கீழ் மவுண்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். ஷாக்கின் முழுக்க அமுங்கிய நீளம் இதைவிட 15 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குதிப்பிலும் ஸ்டாப்பருக்குப் பதில் ஷாக்கே அடி வாங்கும்; ராடு வளையும் அல்லது மவுண்ட் பிய்த்துக்கொண்டு வரும். எதிர்ப் பக்கம் சக்கரம் தொங்கும்போது, பிரேக் ஹோஸ் விறைப்பதற்கும் காயில் இருக்கையை விட்டுக் கழலுவதற்கும் முன்பே ஷாக் நீண்டு நின்று தடுக்க வேண்டும். காயில் அடியில் ஸ்பேசர் வைத்து உயர்த்துகிறவர்கள், எத்தனை மி.மீ. ஸ்பேசரோ அத்தனை மி.மீ. பம்ப் ஸ்டாப்பரையும் நீட்ட வேண்டும். மறந்தால் சக்கரம் முழுக்க ஏறும்போது காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று மோதி, ஸ்பிரிங் இரும்புத் துண்டாகிவிடும்.

ஜிம்னியில் அதிகம் கேட்கும் புகார் ஸ்டியரிங் ஆட்டம். வேகமாகப் போகும்போது ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் இடமும் வலமும் உதறும். தூக்கிய பிறகுதான் தொடங்கியது என்பார்கள். காரணம் இருக்கிறது. முன் ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் இரண்டு நீள ஆர்ம்கள், வண்டி உயரும்போது சாயும். அவற்றோடு ஆக்ஸிலும் உருளும். கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். ஆர்ம் 700 மி.மீ. நீளம் என்று வைத்தால், 50 மி.மீ. உயர்த்துவதால் ஏறக்குறைய 4 டிகிரி போய்விடுகிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்ப உதவுவது அந்தக் கோணம்தான். அதைத் திரும்பக் கொண்டுவரக் கேஸ்டர் புஷ் அல்லது துளை மாற்றிய ஆர்ம் போட வேண்டும். 30 மி.மீ.க்குள் தூக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 50 மி.மீ. என்றால் இது விருப்பம் அல்ல, கட்டாயம்.

அடுத்தது பான்ஹார்டு ராடு. ஆக்ஸில் இட வலமாக நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி அது. 850 மி.மீ. நீளக் கம்பி, ஒரு முனையைவிட மறுமுனை 100 மி.மீ. தாழ்ந்து சாய்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். வண்டியை 50 மி.மீ. தூக்கினால் சாய்வு 150 மி.மீ. ஆகும், ஆக்ஸில் 7 மி.மீ.க்கு மேல் ஒரு பக்கமாக இழுபடும். ஒரு பக்க டயர் மட்கார்டை விட்டு வெளியே தெரியும், மறுபக்கம் உள்ளே போகும். நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் முன்பக்கம் பிராக்கெட் போட்டு இந்தக் கம்பியை மட்டும் கீழே இறக்காதீர்கள். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் இதுவும் ஒரே சாய்வில் இருந்தால்தான், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. தூக்கியதும் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். அதை டிராக் லிங்க்கின் சரிசெய்யும் ஸ்லீவில் திருத்த வேண்டும். ஸ்டியரிங் வீலைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டினால் இ.எஸ்.பி. (சறுக்கலைத் தடுக்கும் கம்ப்யூட்டர் அமைப்பு) உள்ள வண்டியில் வண்டி நேராகப் போகும்போதே திரும்புவதாக கம்ப்யூட்டர் நினைக்கும். ஒரு பக்கப் பிரேக்கைத் தானே பிடிக்கும்.

ஆட்டம் வந்துவிட்ட வண்டியில் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் டயர் பேலன்ஸும் உருண்டைத்தன்மையும். பிறகு, வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் அடியில் பான்ஹார்டு ராடின் இரு முனையிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எத்தனை இறுக்கினாலும் நிற்காது. அதற்கடுத்து டை ராடு எண்டுகள், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் இறுக்கம், கடைசியில் கேஸ்டர். இவை எதையும் பார்க்காமல் முதல் வேலையாகத் தடித்த ஸ்டியரிங் டாம்பர் போடுவது நோயை மறைக்கும். அந்த டாம்பர் தளர்ந்த அன்று ஆட்டம் முன்னைவிடப் பெரிதாக வரும்.

2020-இல் வந்த தார் வேறு சாதி. முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே டபுள் விஷ்போனில், அதாவது மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களில். பின்னால் காயிலோடு முழு ஹவுசிங். கம்பெனியே 226 மி.மீ. தரை இடைவெளி கொடுக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைக்கும்போது, ஸ்ட்ரட் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இருமடங்கு உயர்த்தும். இரண்டு இன்ச் வேண்டும் என்று இரண்டு இன்ச் ஸ்பேசரே வாங்கி மாட்டுகிறவர்கள், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்டை உடைக்கிறார்கள். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சி.வி. பூட்டைப் பாருங்கள். ரப்பர் மடிப்புகள் ஒன்றையொன்று உரசினால், அந்த உயரம் அதிகம். சில ஆயிரம் கிலோமீட்டரில் மடிப்பு கிழியும், கிரீஸ் தெறிக்கும், மண் புகும், திருப்பத்தில் 'டக் டக்' சத்தம் வரும். மேல் ஆர்ம் காயிலைத் தொடுகிறதா, மேல் பால் ஜாயின்ட் அதன் எல்லையில் போய் முட்டுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். உயர்த்திய பின் வீல் அலைன்மென்ட்டில் கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) கேஸ்டரும் கம்பெனி வரம்புக்குள் வரவில்லை என்றால் மேல் ஆர்மை மாற்ற வேண்டும், அல்லது உயரத்தைக் குறைக்க வேண்டும். தார் ராக்ஸில் கேமரா உள்ள மாடல்களில் உயரம் மாறினால் கேமராவின் அளவீட்டையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கு முந்தைய சி.ஆர்.டி.இ. டீசல் தாரில் முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பி. அதன் போல்ட்டை இறுக்கினால் இலவசமாக உயரும் என்பதால் எல்லோரும் இறுக்குகிறார்கள். விறைப்பு மாறுவதில்லை, சக்கரம் கீழே தொங்கும் தூரம்தான் குறைகிறது. 20 மி.மீ.க்கு மேல் இறுக்காதீர்கள். இறுக்கிய பின் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

பிளேட் ஸ்பிரிங் வண்டிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எங்கள் பெரிய குறை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறை மேல் ஏறி இறங்கும் ஜீப்புகள் பெரும்பாலும் பிளேட் ஸ்பிரிங்கில்தான் ஓடுகின்றன. ஜிப்ஸியும் நான்கு பக்கமும் பிளேட்தான். "ஜிப்ஸி தூக்கிப் போடுகிறது" என்று பிளேட்டைக் கழற்றி எறிகிறவர்கள், முதலில் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிளேட்டுகளுக்கு நடுவில் துரு ஏறி, ஒன்றன் மேல் ஒன்று வழுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது எல்லாப் பிளேட்டும் ஒரே கட்டையாக நிற்கும். ஒவ்வொன்றையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, நுனி தேய்ந்து பள்ளம் விழுந்த இடத்தை நிரவி, கிராஃபைட் கிரீஸ் பூசிக் கட்டினால் வண்டி வேறு வண்டியாகிவிடும். பிளேட்டின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளில் புஷ் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மெலிசாக்க ஒரு பிளேட்டை எடுத்துவிடும் பழக்கம் ஆபத்து. சுமை மெயின் பிளேட்டில் ஏறி, பிளேட்டுகளைக் கோக்கும் சென்டர் போல்ட் துளையில் விரிசல் விடும்.

வளைவு போன பிளேட்டைப் பட்டறையில் கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடித்து வளைப்பதும் வேண்டாம். எஃகின் டெம்பர் போய்விடும்; ஒரு மழைக்காலத்துக்குள் மறுபடி தட்டையாகும். சூடேற்றாமல் பிரஸ்ஸில் சிறிது சிறிதாக வளைப்பவரிடம் கொடுங்கள். நீள ஷேக்கிள் போட்டு உயர்த்துகிறவர்கள் கவனிக்க: 50 மி.மீ. நீளம் கூட்டினால் ஆக்ஸிலின் மேல் 25 மி.மீ. மட்டுமே கிடைக்கும். முன் ஸ்பிரிங்கில் ஷேக்கிள் முன் முனையில் இருக்கும் வண்டிகளில் ஆக்ஸில் முன்னோக்கி உருண்டு கேஸ்டரும் குறையும். சென்டர் போல்ட் உடைந்ததற்கு அடையாளம், இடது பக்கமும் வலது பக்கமும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி வேறுவேறாக இருப்பது. டேப்பால் அளந்தால் தெரிந்துவிடும். யூ-போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், அது ஒருமுறை இழுபட்டு நீண்டது. புதிதாகப் போட்டு, 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள்.

எந்தச் சஸ்பென்ஷனாக இருந்தாலும் பொருத்தும்போது நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே ஆர்ம் புஷ்களின் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையில் பூட்டிக்கொள்கிறது. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிகிறது. பழி புஷ் கம்பெனி மேல். சரியான முறை: போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, எடை முழுவதும் சக்கரத்தில் நிற்கும்போது டார்க் ரிஞ்சால் சர்வீஸ் புத்தகத்தின் அளவுக்கு இறுக்குவது. இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து உலோகத்துக்கு ஒரு கோடு பெயின்டில் போட்டுவிடுங்கள். தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

பிறகு, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஹவுசிங்கின் மூச்சுக் குழாய் மூன்றையும் பார்க்க வேண்டும். மூச்சுக் குழாயை எல்லோரும் மறக்கிறார்கள். அது இழுபட்டுக் கழன்றால், சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரவுன் எண்ணெய் பால் மாதிரி வெளுக்கும். பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைத்த பிரேக் லோடு வால்வு உள்ள வண்டிகளில், பாடி உயர்ந்ததும் வால்வு வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் அளவைத் திருத்த வேண்டும். ஹெட்லைட்டையும் கீழே இறக்கிவிடுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்பிரிங் 500 கிலோமீட்டருக்குள் சில மி.மீ. படியும். அலைன்மென்ட்டை ஒருமுறை பொருத்திய உடனும், இன்னொருமுறை படிந்த பின்னும் பாருங்கள்.

சட்டம் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எனவே பணம் கட்டும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தளர்ந்த ஷாக், புஷ், ஸ்பிரிங்கைக் கம்பெனி அளவிலேயே புதிதாக்குவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நாலைந்து வருடம் ஓடிய வண்டியில் மேம்பாடு என்று தேடுவது பாதி நேரம் அதுதான்.

கையில் குறைந்த பணம் இருப்பவர் எங்கே தொடங்கலாம் என்றால், நல்ல ஏ.டி. டயர் (தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானது), ஒரு காற்று அழுத்தமானி, ஒரு சிறிய கம்ப்ரசர். சாலையில் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி ஓடும் டயரை, பாறையிலும் மணலிலும் 18 முதல் 20 வரை இறக்கினால், டயரே கல்லைச் சுற்றி வளைந்து அதிர்வை விழுங்கும், பிடிப்பும் கூடும். அந்த அழுத்தத்தில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, கூர்மையாகத் திருப்பக் கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் காற்று நிரப்பிய பிறகே வேகம். இதற்கடுத்த செலவு புஷ்ஷும் ஷாக்கும். ஸ்பிரிங் அதற்குப் பிறகு, எடை மேடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு.

தங்கள் வாகனப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாற்றியமைத்த வண்டி ஒன்றைப் பற்றி இனி எழுதும்போது, எத்தனை இன்ச் என்பதோடு, முன் ஆக்ஸில் எடை, பின் ஆக்ஸில் எடை, நான்கு மூலையிலும் ஹப்பிலிருந்து மட்கார்டு வரை உயரம், மாற்றத்துக்குப் பிந்தைய கேஸ்டர் அளவு ஆகியவற்றையும் ஒரு சிறு பெட்டியில் போடுங்கள். வண்டியின் உரிமையாளரால் இந்த எண்களைத் தர முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்கு சக்கர இயக்க வண்டிகளில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் வாசகர்கள்,
பொள்ளாச்சி.